கேட்டுக்கொண்டிருக்கும் முகம்

"ஹார்ட் எங்கே?" என்றுதான் பெரியப்பா முதலில் கேட்டார்.

திரையில் ஒரெகான் மாநிலத்து ஆகஸ்ட் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேடையில் ஆறு பேர். இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், பியானோ, ஒரு பாடகி, டிரம்ஸ். டிரம்ஸுக்குப் பின்னால் பில் க்ரூட்ஸ்மன் மட்டும் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் தேடிய ஆள் அங்கே இல்லை.

பெரியப்பாவுக்கு கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பெயரெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவர் கடம் கேட்பவர். விக்கு விநாயக்ராம் வாசிக்கிறார் என்றால் திருச்சியிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு, இரவெல்லாம் பயணம் செய்து மறுநாள் காலை நேரே அலுவலகத்துக்குப் போனவர். 1991-ல் மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் 'ப்ளானெட் டிரம்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஜாகிர் உசேன், நைஜீரியாவின் பாபதுண்டே ஒலதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ மொரைரா ஆகியோருடன் விக்குவும் அதில் வாசித்திருந்தார். உலக இசைக்கென்று கிராமி விருது ஏற்படுத்தப்பட்டபோது முதல் விருது அந்தத் தொகுப்புக்குத்தான் போனது. அந்த கேசட் பெரியப்பா வீட்டு அலமாரியில் இருந்தது. விக்குவின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த இந்த ஹார்ட் யார், எங்கிருந்து வந்தவர் என்று நான் தேடப் போய்த்தான், அவர் டிரம்ஸ் வாசித்த கிரேட்ஃபுல் டெட்டிடம் மாட்டிக்கொண்டேன். இருபது வருடமாகிறது. இன்னும் வெளியே வரவில்லை.

ஆகவே, நான் உயிராக நினைக்கும் 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற அந்தக் குழுவின் கச்சேரிப் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டும்போது அவர் ஹார்டைத் தேடியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது 1972. ஹார்ட் 1971 பிப்ரவரியில் குழுவை விட்டு விலகியிருந்தார். 1974 அக்டோபர் 20-ஆம் தேதிதான் மறுபடி மேடை ஏறினார். இதைச் சொன்னதும் பெரியப்பா, "அப்படியானால் தப்பான படத்தைப் போட்டிருக்கிறாய்" என்றார்.

தப்பான படமா என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் படத்தைப் பற்றி ரசிகர்கள் சொல்லாத குறையில்லை. அவற்றில் பலவற்றை நானும் ஒரு காலத்தில் உரத்துச் சொன்னவன்.

கிரேட்ஃபுல் டெட் 1965-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1995-ல் அதன் முன்னணி கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறைந்ததோடு முடிந்த குழு. முப்பது ஆண்டுகளில் சுமார் 2,300 கச்சேரிகள். பாட்டின் எலும்புக்கூடு மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதன்மேல் அன்றைக்கு என்ன சதை வரும் என்பது வாசிப்பவர்களுக்கே தெரியாது. அப்படி வாசிக்கும் குழுவை ஜாம் பேண்ட் என்கிறார்கள். நாளைய கச்சேரி இன்றைய கச்சேரியைப் போல இருக்காது என்பதால் ரசிகர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்தார்கள். குழு அதைத் தடுக்கவில்லை. 1984 அக்டோபர் முதல் அவர்களுக்கென்றே அரங்கத்தில் இடம் ஒதுக்கித் தனி டிக்கெட்டும் கொடுத்தது. ஒலிநாடாவை மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பதே பழக்கம். இப்படிப் பழகிய காது, எந்த ஆண்டின் எந்த இரவில் எந்தப் பாட்டு எங்கே திரும்பியது என்று நினைவில் வைத்திருக்கும்.

அந்தக் காதுகளுக்குக் கேமரா என்றாலே கொஞ்சம் சந்தேகம்தான். மைக் எதையும் விலக்குவதில்லை. அரங்கத்தின் நடுவில் ஒரு கம்பில் மைக்கைக் கட்டி நிறுத்தினால் வருவதெல்லாம் விழும், பக்கத்து ஆளின் இருமல் உட்பட. கேமரா அப்படியில்லை. அது ஒருவரைப் பார்க்கும்போது மற்ற ஐந்து பேரை விட்டுவிடுகிறது. அடுத்து யார் என்ன செய்வார்கள் என்று யாருக்குமே தெரியாத இசையில், ஐந்து பேரை விடுவது சின்ன விஷயமில்லை. டெட்ஹெட்கள் என்று பெயர் பெற்ற இந்த ரசிகர்கள் ஒரு கச்சேரியின் ஒலித்தட்டு வந்தால் பாராட்டுவார்கள், காணொளி வந்தால் சண்டை போடுவார்கள் என்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி 'சன்ஷைன் டேட்ரீம்' படத்துக்கு வருகிறேன். கச்சேரி நடந்தது 1972 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை, ஒரெகானில் வெனிட்டா என்ற சிற்றூரை ஒட்டிய திறந்தவெளியில். நாவலாசிரியர் கென் கீசியின் தம்பி குடும்பம் ஸ்பிரிங்ஃபீல்ட் க்ரீமரி என்ற சிறிய பால்பண்ணையை நடத்திவந்தது. பண்ணை பணமுடையில் இருந்தது. கீசி குடும்பத்துக்கும் குழுவுக்கும் பழைய சிநேகம். உதவிக் கச்சேரி ஒன்று வாசியுங்கள் என்று கேட்டார்கள், குழு ஒப்புக்கொண்டது. தயிர் டப்பாவில் ஒட்டுகிற லேபிளையே டிக்கெட்டாக அச்சடித்தார்கள். முன்பதிவு 3 டாலர். அன்றைக்கு வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. நம் ஊர்ச் சித்திரைக்கு அது புதிதில்லை, ஆனால் ஒரெகானில் அது வாட்டி எடுக்கும் வெயில். தந்தி வாத்தியங்கள் சுருதியில் நிற்க மறுத்தன. கூட்டத்தில் பாதிப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். சிலர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்.

படமெடுத்தவர்கள் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார்கள். இசை தனியாகப் பல தட ஒலிநாடாவில் பதிவானது. படம் தயாராகியும் முறையாக வெளிவரவில்லை. நாற்பது ஆண்டுகள் அது பிரதிக்குப் பிரதி, அதற்கொரு பிரதி என்று கைமாறிக்கொண்டிருந்தது. நான் முதலில் பார்த்தது அப்படியொரு பிரதியின் பிரதியைத்தான். புல் பச்சையாக இல்லாமல் நீலமாக இருந்தது, முகங்களில் சிவப்பு வழிந்து கழுத்துவரை இறங்கியது, திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு ஓயாமல் நடுங்கியது. அதில்கூட அந்த வெயில் எனக்கு உறைத்தது. 2013-ல்தான் முறையான வெளியீடு. முதலில் திரையரங்குகளில், பிறகு வட்டாக. கச்சேரியின் இசை மூன்று ஒலித்தட்டுகளில் தனியாகவும் அதனுடன் வந்தது.

வந்ததும் தொடங்கியது வழக்கு. முதல் குறை, படத்தில் கச்சேரி முழுதாக இல்லை. மூன்று ஒலித்தட்டுகள் நிறைய இசை இருக்க, படத்தில் அதில் ஒரு பகுதிக்குத்தான் இடம். இந்தக் குறையை நான் இன்றும் ஒப்புக்கொள்கிறேன். முழுக் கச்சேரியைக் கேட்டவனுக்கு, அதில் சில பாட்டுகளை மட்டும் பார்ப்பது இலை போட்டுப் பாதியில் எழுப்பிவிட்டதைப் போலத்தான் இருக்கும். இரண்டாவது குறை, கம்பத்து மனிதர். மேடைக்குப் பின்னால் நின்ற ஒரு கம்பத்தின் உச்சியில் துணியே இல்லாத ஒரு மனிதர் ஏறிக்கொண்டு, கீழே விழுந்துவிடுவாரோ என்று நமக்குப் பதறும்படி ஆடிக்கொண்டிருப்பார். குழுவைக் காட்டும்போதெல்லாம் அவரும் கேமராவின் சட்டத்துக்குள் வந்துவிடுவார். அவரை மட்டும் ஆராய்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள், அவரால் படத்தையே வீட்டில் போட முடியவில்லை என்று வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். பெரியப்பா அவரை ஒரு முறை பார்த்தார். "வெயில் தலைக்கு ஏறிவிட்டது, பாவம்" என்று சொல்லிவிட்டு டிரம்ஸைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்கும் அவ்வளவுதான் தோன்றுகிறது.

பெரிய வழக்கு 'டார்க் ஸ்டார்' பற்றியது. அந்தக் குழுவின் பாட்டுகளிலேயே கட்டு மிகக் குறைந்தது அதுதான். சில வரிகள், ஒரு சிறு சங்கதி. அதை விட்டால் திறந்த வெளி. வெனிட்டாவில் அது அரை மணி நேரத்துக்கும் மேல் போகிறது. கார்சியாவின் கிட்டார் ஒரு சுரத்தைத் தொட்டு, அதைப் பிடிக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறது. ஃபில் லெஷின் பேஸ் அதற்கு அடியில் வேறொரு பாதையில் நடக்கிறது. கீத் காட்ஷாவின் பியானோ இரண்டுக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒரு கட்டத்தில் தாளமே கரைந்து, இனி இது எங்கே போய்க் கரை ஏறும் என்று நெஞ்சு அடைக்கும்போது, இன்னொரு கிட்டார் வாசிக்கும் பாப் வியர் 'எல் பாசோ' என்ற பழைய கவ்பாய்ப் பாட்டைத் தொடங்கிவிடுவார். அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன், இரண்டு முறை அழுதிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட 'டார்க் ஸ்டார்' ஓடும்போது படத்தில் குழு மறைந்து வரைகலை வருகிறது. வண்ணங்கள், உருவங்கள், ஒன்று இன்னொன்றாக மாறுவது. விரல்களைப் பார்க்கத் துடிக்கும் நேரத்தில் வேறு யாரோ கண்ட கனவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்காக அந்தப் படத்தை ஏசியவர்கள் ஏராளம். நானும் பல வருடம் ஏசினேன்.

பிறகு 16 மில்லிமீட்டர் கேமராவைப் பற்றிப் படித்தேன். வழக்கமான 400 அடி ஃபிலிம் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம்தான் ஓடும். ஓடி முடிந்ததும் பெட்டியைக் கழற்றி மாட்ட வேண்டும். அரை மணி நேரம் நிற்காமல் போகும் ஒரு பாட்டை ஒரே கேமரா முழுவதும் பிடிக்கவே முடியாது. ஃபிலிமுக்கு விலையும் அதிகம். புழுதியும் வெயிலுமான ஒரு மைதானத்தில், அடுத்த நிமிடம் பாட்டு முடியுமா, இன்னும் இருபது நிமிடம் போகுமா என்று வாசிப்பவர்களுக்கே தெரியாதபோது, சுருளை எப்போது மாற்றுவது என்று ஒரு கேமராக்காரர் எப்படி முடிவு செய்வார்? அந்த வரைகலையில் ஒரு பங்காவது, படமே இல்லாத இடங்களை மூட வந்திருக்கும் என்பது என் ஊகம். இப்படி நினைக்கத் தொடங்கிய பிறகு கோபம் குறைந்துவிட்டது. அவர்கள் இசையை வெட்டவில்லை. இசை முழுதாக ஓட வேண்டும் என்பதற்காகப் படத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஒரு கச்சேரிப் படத்திடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்: பாட்டை நடுவில் வெட்டாதே. அதற்குப் பிறகு நீ எதைக் காட்டினாலும் உன்னோடு பேச நான் தயார்.

இதற்கு நேர்மாறான வழக்கு 1977-ல் வெளிவந்த 'த கிரேட்ஃபுல் டெட் மூவி' மீது உண்டு. 1974 அக்டோபர் 16 முதல் 20 வரை சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கில் ஐந்து இரவுகள். அதன் பிறகு குழு நீண்ட ஓய்வுக்குப் போவதாக இருந்தது. இனி கச்சேரியே இருக்காது என்று பலர் நம்பினார்கள். படத்தொகுப்பில் கார்சியாவே பல மாதங்கள் உட்கார்ந்தார். அவர் என்ன செய்தார் தெரியுமா? படத்தில் பெரும் பகுதியைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆடுகிறவர்கள், வாசலில் காத்திருப்பவர்கள், மேடைக்கு ஓடியாடி வேலை செய்கிறவர்கள். "எங்களைப் பார்க்கவா படம் எடுத்தீர்கள்? உங்களைப் பார்க்கத்தானே வந்தோம்" என்பது ரசிகர்களின் குறை. 2004-ல் டிவிடி வந்தபோது, படத்தில் இடம் பெறாத பாட்டுகளைத் தனியாக இரண்டாவது வட்டில் சேர்த்தார்கள். அது அந்தக் குறைக்கு இருபத்தேழு ஆண்டு தாமதமாக வந்த பதில்.

ஒலி மட்டும் போதும், படம் எதற்கு என்று சொல்லும் ஒரு கட்சியும் ரசிகர்களில் உண்டு. அவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். பாடுகிறவர்களின் மைக்கைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மைக் கட்டியிருக்கும், பாடுவது ஒன்றில் மட்டும். 1974-ல் அந்தக் குழு 75 டன் எடையுள்ள ஒலிபெருக்கிச் சுவரை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்தது. அந்தச் சுவர் வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றது. கூட்டம் கேட்பதையே அவர்களும் கேட்டார்கள். சுவரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்தால் ஊளையிடும். அதனால் ஒன்றின் ஒலி அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி இரண்டு மைக்குகளையும் எதிரெதிராக இணைத்தார்கள். இரண்டிலும் ஒரே அளவில் விழும் சுவரின் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், ஒன்றில் மட்டும் விழும் குரல் தங்கும். நான் எத்தனையோ ஒலிநாடாக்களில் அந்த ஆண்டின் குரல்கள் சற்று மெலிந்து கேட்பதைக் கவனித்திருக்கிறேன். அந்த இரட்டை மைக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது.

சரி, கேமரா எதைப் பார்க்க வேண்டும்? பெரும்பாலான ரசிகர்கள் விரல்களைக் கேட்கிறார்கள். கிட்டார் பழகுகிறவர்களுக்கு அது பாடம். வெனிட்டாவில் கார்சியா வைத்திருந்த கிட்டாருக்கு 'அலிகேட்டர்' என்று பெயர், அதன்மேல் முதலைப் படம் ஒட்டியிருக்கும், அதன் ஒவ்வொரு கீறலையும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விரலைப் பார்த்தால் வந்த சுரம் தெரியும். அது ஏன் வந்தது என்பது தெரியாது. ஏன் என்பது பக்கத்தில் வாசிக்காமல் நிற்கிறவரின் முகத்தில் இருக்கிறது. லெஷ் தலையைச் சாய்த்து கார்சியாவின் பக்கம் பார்க்கிற அந்த அரை நொடியில்தான் அடுத்த ஐந்து நிமிடம் தீர்மானமாகிறது. க்ரூட்ஸ்மன் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, காதை மட்டும் முன்னால் நீட்டியதுபோல உட்கார்ந்திருக்கிறார். அவர் கை மெதுவாகிறது. ஏன் மெதுவாகிறது என்று நமக்கு விளங்குவதற்குள் மற்றவர்களும் மெதுவாகிவிடுகிறார்கள். கேமரா இதைப் பிடிக்கிற இடங்கள் வெனிட்டா படத்தில் இருக்கின்றன, நிறைய இல்லை. அவற்றுக்காகவே நான் அதை இத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. "தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் வாசிக்கும்போது கடக்காரரைத்தான் பார்ப்பேன். அவர் தலையாட்டுவதிலேயே அடுத்து என்ன திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்துவிடும்" என்றார். தொலைக்காட்சியில் கச்சேரி காட்டும்போது சரியாக அந்த நேரத்தில் அரங்கத்தின் முன்வரிசையைக் காட்டுவார்கள் என்பது அவருடைய பல வருட ஆதங்கம். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒரே புகார்.

அன்றிரவு அவருக்கு ஒலித்தட்டில் 'ப்ளேயிங் இன் த பேண்ட்' போட்டேன். வெனிட்டாவில் வாசித்ததுதான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், வலது கையைத் தொடையில் வைத்து எண்ண ஆரம்பித்தார். முதல் சுற்றில் தவறியது. இரண்டாவது சுற்றில் முகம் மாறியது. "பத்து" என்றார். 'தகதகிட, தகதகிட' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அழுத்தம் வேறு இடத்தில் விழுகிறது. யார் போட்ட தாளம் இது?"

அதைத்தான் நான் காத்திருந்தேன். அந்தப் பத்து, ஹார்டிடமிருந்து வந்தது. பாட்டை ஆக்கியவர்களில் வியர், பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டர் ஆகியோருடன் ஹார்டின் பெயரும் உண்டு. அவர் அன்றைக்கு வெனிட்டாவில் இல்லை. அவருடைய பத்தை வைத்துக்கொண்டு, தனி ஒருவராக க்ரூட்ஸ்மன் அந்த வெயிலில் வாசித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பாட்டு முடியும்வரை தொடையிலிருந்து கையை எடுக்கவில்லை. நடுவில் தாளம் கலைந்து வெட்டவெளிக்குப் போன இடத்தில் கை அப்படியே நின்றது. திரும்பி வந்தபோது எங்கே வந்து சேர்ந்தார்கள் என்று சரியாகப் பிடித்துவிட்டார்.

மறுநாள் அவருக்கு ஹார்டைக் காட்டிவிட வேண்டும் என்று 'த க்ளோசிங் ஆஃப் விண்டர்லாண்ட்' வட்டை எடுத்தேன். 1978 டிசம்பர் 31, அந்த அரங்கத்தின் கடைசி இரவு. அன்று தொலைக்காட்சியில் நேரடியாகப் போன பதிவு, 2003-ல் டிவிடியாக வந்தது. அன்றைக்கு ரசிகர்கள் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள்: சான் ஃபிரான்சிஸ்கோவில் 'டார்க் ஸ்டார்' வாசித்து 1,535 நாட்கள் ஆகின்றன என்று. நான் ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 1974 அக்டோபர் 18-இலிருந்து சரியாக 1,535. ஒரு பாட்டுக்காக நாள் எண்ணிக்கொண்டு நான்கு வருடம் இருந்திருக்கிறார்கள்! அன்றைக்கு மூன்றாவது பகுதியில் குழு அதை வாசித்தது. விடியும்வரை கச்சேரி நடந்து, வந்திருந்த எல்லோருக்கும் காலைச் சிற்றுண்டி போட்டு அனுப்பினார்கள். இந்தப் பதிவில் வரைகலை இல்லை, தயிர் லேபிள் இல்லை, வெயில் இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்த, நேரான, கொஞ்சம் தட்டையான படம். வெனிட்டாவோடு ஒப்பிட்டு இதை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. ஒளியமைப்பில் அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டு டிரம்ஸ் கலைஞர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அதோ, ஹார்ட்" என்று நான் சுட்டிக் காட்டினேன். பெரியப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் மேடையை விட்டு இறங்க, டிரம்ஸ் மட்டும் தொடர்ந்தது. ஐந்து நிமிடம் அவர் பேசவில்லை. பிறகு என் கையைத் தட்டி, "ஹார்டைப் பார்க்காதே. அவர் வாசிக்கிறார், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிறாரே, நேற்றைய ஆள், அவரைப் பார்" என்றார். "காத்திருக்கிறார் பார். இப்போது விடுவார்."

அந்த இடத்தையே மூன்று முறை போடச் சொன்னார். நான்காவது முறைக்குள் பெரியம்மா வந்து, மணி பதினொன்றாகிவிட்டது என்று சொல்லி விளக்கை அணைத்தார். இருட்டில் திரை வெளிச்சத்தில் மட்டும் அவர் முகம் தெரிந்தது, கை தொடையில் இருந்தது.